பகலில் ஒரே கூட்டம், ராத்திரியில் தனித்தனி

கோழி, வாத்து, கூஸ் (வாத்தைவிடப் பெரிய, நீண்ட கழுத்துள்ள பறவை) மூன்றையும் ஒரே இடத்தில் விட்டு வளர்க்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாதா? கொத்திக்கொள்ளும். ஆனால் நான் அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. நாய், நரி, கீரி வந்து பிடித்துப் போவதை விட்டுவிட்டுப் பார்த்தால், கலந்து வளர்க்கும் இடத்தில் ஒரு பறவை நோய்ப்பட்டுப் படுத்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் சண்டையாக இருக்காது. ஈரமாக இருக்கும், தப்பான தீவனமாக இருக்கும், ஒரு ஆண் வாத்தாக இருக்கும், இல்லையென்றால் வெளியே தெரியாத ஒரு வைரஸாக இருக்கும். இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

சரி, முதலில் அந்தச் சண்டையை முடித்துவிடலாம். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு கணக்கு உண்டு. நார்வேக்காரரான தொர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே சின்ன வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, 1920களின் தொடக்கத்தில் இதை முறையாக எழுதி வைத்தார். ஒவ்வொரு கோழியும் மற்றக் கோழிகளைத் தனித்தனியாக அடையாளம் தெரிந்து வைத்திருக்கும், தன் இடம் எது என்பதும் அதற்குத் தெரியும். வாத்துகளிடம் இந்தக் கறார் கிடையாது, கும்பலாகப் போகும், கும்பலாக வரும், கும்பலாகவே பயந்து ஓடும். கூஸ் வேறு மாதிரி. ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்தால் வருடக்கணக்கில் சேர்ந்தே இருக்கும், ஒரு குடும்பமாக நின்று மற்ற எல்லோரையும் அதட்டும். மூன்றும் ஒரே இடத்துக்கு வந்ததும் ஓரிரு வாரம் தள்ளுமுள்ளு நடக்கும், அப்புறம் கூஸ் வந்தால் மற்றவை ஒதுங்கிக்கொள்ளும். கோழி ஏதாவது கட்டையில் தாவி ஏறிவிடும், வாத்து பத்தடி தள்ளிப் போய்விடும். ஒதுங்க இடம் இருக்கிற வரை பிரச்சினை இல்லை. குறுகலான கதவு, முட்டுச்சந்து போன்ற மூலை, எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு தீவனத் தட்டு, இந்த மூன்று இடங்களில்தான் ரத்தம் வரும். தட்டைப் பிரித்து இரண்டு மூன்று இடத்தில் தள்ளித் தள்ளி வையுங்கள், ஒன்றின் அருகில் நின்றால் இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதபடி இருந்தால் இன்னும் நல்லது. பாதிச் சண்டை அதிலேயே முடிந்துவிடும்.

இப்போது தண்ணீர். கலப்பு வளர்ப்பில் தலைவலி என்று ஒன்று இருந்தால் இதுதான், மீதி எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

வாத்துக்குத் தண்ணீர் குடிக்க மட்டும் போதாது. மூக்குத் துவாரத்தையும் கண்ணையும் கழுவிக்கொள்ளும் அளவுக்குத் தலை முழுவதும் முங்க வேண்டும், இல்லையென்றால் கண்ணோரம் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். தின்னும்போதும் ஒரு வாய் தீவனம், ஒரு வாய் தண்ணீர் என்று இரண்டுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் தண்ணீர் இல்லாமல் காய்ந்த தீவனத்தை மட்டும் வைத்தால் தொண்டையில் அடைத்துக்கொண்டு திணறும். ஆக, வாத்து இருக்கும் இடத்தில் தண்ணீர் உண்டு, தண்ணீர் இருக்கும் இடத்தில் சேறு உண்டு. அலகால் சேற்றைக் கிளறி, அந்த அலகை மறுபடி தண்ணீரில் அலசி, காலையில் பளிச்சென்று ஊற்றிய வாளியை அரை மணி நேரத்தில் குழம்பாக்கி வைத்திருக்கும். அதைத் திட்டிப் பயனில்லை, அதன் அலகே சலித்துத் தின்பதற்காக அமைந்தது.

கோழிக்கு இதற்கு நேர் எதிரான தேவை. அது புழுதியில் குளிக்கிற பிராணி, காய்ந்த தரைதான் அதற்கு உயிர். கூளம் ஈரமானால் எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பும், கண் எரியும், மூச்சு இரைக்கும். ஈரத்திலேயே நடந்தால் உள்ளங்கால் தோல் ஊறி, சின்னக் கீறல் வழியாகக் கிருமி நுழைந்து கட்டி கட்டிக்கொள்ளும். ரத்தக்கழிச்சல் விஷயம் இன்னும் வேடிக்கை. கோழிக்கு அதை உண்டாக்கும் ஐமீரியா கிருமிகள் கோழியை மட்டுமே பிடிக்கும், வாத்தைத் தொடாது. ஆனால் அந்தக் கிருமியின் முட்டைகள் எச்சத்தோடு வெளியே விழுந்த பிறகு நோயைப் பரப்பும் நிலைக்கு வர வெதுவெதுப்பும் ஈரமும் வேண்டும், கிடைத்தால் ஓரிரு நாளே போதும். வாத்து தனக்கு எந்தக் கேடும் இல்லாமல் அந்த ஈரத்தைக் கொட்டகை முழுக்கச் சப்ளை செய்துகொண்டிருக்கும். எனக்குத் தெரிந்த வரை இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டவர்கள் கலப்பு வளர்ப்பில் நிலைக்கிறார்கள், புரியாதவர்கள் கோழிக்கு மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அதனால் நான் கடைப்பிடிக்கும் ஏற்பாடு: கொட்டகைக்குள் திறந்த தண்ணீர் என்பதே கிடையாது. வாத்துக்கும் கூஸுக்கும் வெளியே, கொட்டகையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, தரையைத் தோண்டி ஜல்லி நிரப்பி, மேலே ஒரு கம்பி வலைச் சட்டம் போட்டு, அதன் மேல் வாளி. சிந்துவது ஜல்லிக்குள் இறங்கிவிடும். வாளிக்கு மூடி போட்டு, தலை மட்டும் நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டினால் உள்ளே ஏறி உட்கார்ந்து குளிப்பது நிற்கும். கோழிக்குத் தனியாக, கொத்தினால் மட்டும் தண்ணீர் சொட்டும் நிப்பிள் குழாய், அதுவும் கோழி கழுத்தை நீட்டிக் குடிக்கும் உயரத்தில். வளர்ந்த வாத்துக்கு ராத்திரி தண்ணீர் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது, ஒரே நிபந்தனை, தண்ணீரை எடுக்கும்போது தீவனத்தையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும். குஞ்சுகளுக்கு இந்த விதி பொருந்தாது, அவற்றுக்கு இரண்டும் எப்போதும் வேண்டும்.

குளிக்கத் தொட்டி வைத்தால் உள்ளே ஒரு செங்கல்லோ கல்லோ படி மாதிரிப் போட்டு வையுங்கள். கோழிக்கு நீந்தத் தெரியாது, விளிம்பில் நின்று குடிக்கும்போது கூஸ் ஒரு இடி இடித்தால் உள்ளே விழும். தண்ணீரை அடிக்கடி மாற்றுவதில் சோம்பல் கூடாது, முக்கியமாக வெயில் காலத்தில். அழுகிய இலையும் செத்த பூச்சியும் கிடக்கும் தேங்கிய தண்ணீரில் பாட்டுலிசம் கிருமி நஞ்சு சுரக்கும், அது ஏறினால் வாத்தின் கழுத்து துவண்டு தொங்கிவிடும்.

ராத்திரிக்கு வருவோம். பகலில் மூன்றையும் ஒன்றாக விடுவதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. ராத்திரி ஒரே கூரைக்குக் கீழே அடைப்பது வேறு கதை. கோழி உயரத்தில் ஏறி உட்கார்ந்து தூங்கும், வாத்தும் கூஸும் தரையில் படுக்கும். கோழி ராத்திரியிலும் நிறைய எச்சம் போடும், கீழே யார் படுத்திருக்கிறார்கள் என்று பார்க்காது. கூளத்திலிருந்து வரும் அம்மோனியாவும் தரையோடு படுத்திருப்பதற்குத்தான் முதலில் போய்ச் சேரும். நின்றபடி இருக்கும் உங்கள் மூக்குக்கே நெடி தெரிகிறது என்றால் வாத்துக்கு ஏற்கெனவே அளவு மீறிவிட்டது.

இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அசையாமல் உட்கார்ந்திருக்கும். வாத்து அப்படியில்லை, பாதி ராத்திரியில் எழுந்து நடக்கும், பேசும், கூளத்தைக் கிளறும். 1999இல் ஆராய்ச்சியாளர் நீல்ஸ் ராட்டன்போர்க்கும் அவருடன் வேலை செய்தவர்களும் காட்டு வாத்துகளை வரிசையாகத் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். வரிசையின் ஓரத்தில் படுத்தவை மூளையின் ஒரு பாதி விழித்திருக்க, வெளிப்பக்கக் கண்ணைத் திறந்து வைத்தே நடுவில் படுத்தவற்றைவிட அதிக நேரம் தூங்கின. இப்படி ஒரு கண் திறந்த காவலுடன் தூங்குகிற கூட்டத்தையும் கட்டையாகத் தூங்குகிற கூட்டத்தையும் ஒரே அறையில் போட்டால் யாருக்கும் நிம்மதி இருக்காது. நடுவில் ஒரு வலைத் தடுப்பு போதும், தனி வீடு கட்ட வேண்டியதில்லை. ஆனால் கதவு தனித்தனியாக இருக்கட்டும். கோழி விடிந்ததும் வெளியே போகத் துடிக்கும், வாத்து பெரும்பாலும் விடியற்காலையில்தான் முட்டை போடும், அதைக் கொஞ்சம் வெயில் ஏறும் வரை உள்ளேயே வைத்திருந்தால் முட்டை கூட்டுக்குள் கிடைக்கும். சீக்கிரம் திறந்துவிட்டால் புதரிலும் தண்ணீரிலும் தேடிக்கொண்டிருக்க வேண்டும். வாத்துக் கதவு அகலமாகவும் படி இல்லாமலும் இருக்க வேண்டும். திறந்தவுடன் எல்லாம் ஒன்றாகப் பாயும், நெருக்கத்தில் கால் மாட்டினால் முறியும். கோழியைப் பிடிப்பதுபோல வாத்தைக் காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது என்பதும் இதனால்தான், உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும்.

அடுத்தது ஆண்கள். இதைப் பேசக் கூச்சப்பட்டுப் பலர் சொல்லாமல் விட்டுவிடுவதால் நிறைய பெட்டைக்கோழிகள் செத்துப்போகின்றன. சேவலுக்கு ஆண்குறி என்று ஒன்று கிடையாது, எச்சத்துவாரத்தோடு எச்சத்துவாரம் சில நொடி ஒட்டுவதோடு சேர்க்கை முடிந்துவிடும். ஆண் வாத்துக்கு உண்டு, அதுவும் சுருள் சுருளாக, நீளமாக. பெண் வாத்தின் உடல் அதற்கேற்ப அமைந்தது, கோழியின் உடல் அப்படி அமைந்ததில்லை. ஆண் வாத்து கோழியின் மேல் ஏறினால் உள்ளே கிழிந்து, சீழ் பிடித்து, சில சமயம் குடல் வெளியே தள்ளிச் செத்துப்போகும். எல்லா ஆண் வாத்தும் இப்படிச் செய்வதில்லை. ஜோடிக்குப் போதுமான பெண் வாத்துகள், ஒன்றுக்கு நாலைந்து, இருந்தால் ஆபத்து குறையும். குஞ்சிலிருந்தே கோழிகளோடு மட்டும் வளர்ந்த ஆண் வாத்தை நான் நம்பவே மாட்டேன். கூஸ் குஞ்சுகள் பொரிந்து வந்ததும் முதலில் பார்த்ததைத் தாயாக எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவதை, விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லோரென்ஸ் விளக்கமாக எழுதினார், 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவர் ஒருவர். குஞ்சின் மனதில் விழும் அந்தப் பதிவு தாய் யார் என்பதோடு நிற்காது, வளர்ந்த பிறகு யாரை ஜோடியாகத் தேடும் என்பதையும் அதுவே தீர்மானிக்கலாம்.

என் கட்சி இதில் தெளிவானது: குஞ்சு பொரிக்கும் எண்ணம் இல்லையென்றால் ஆண் வாத்தே வேண்டாம். ஆண் இல்லாமலே வாத்து முட்டை போடும். சேவல் வைத்திருந்தால் அதுவும் சில சமயம் வாத்தின் மேல் ஏறப் பார்க்கும், பிடரி முடியைப் பிடுங்கி, கால் முள்ளால் முதுகைக் கீறிவிடும், எட்டுப் பத்துப் பெட்டைகள் இருந்தால் அந்த ஆசை கொஞ்சம் அடங்கும். ஆண் கூஸ் மற்ற நாட்களில் வெறும் வாய்ச்சவடால்தான், முட்டைப் பருவம் வந்துவிட்டால் கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறிக்கொண்டு வரும்போது விளையாட்டு இல்லை. இறக்கையால் அடித்தால் பெரியவர்களுக்கே கன்றிப்போகும், ஒரு கோழியைக் கழுத்தில் பிடித்து உலுக்கினால் அவ்வளவுதான். அந்தச் சில வாரங்களுக்கு ஜோடியைத் தனியாகப் பிரித்து விடுவது எல்லோருக்கும் நல்லது.

தீவனத்தில் எல்லோரும் செய்கிற வசதி, முட்டைக்கோழித் தீவனத்தை எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போடுவது. அதில் 3.5 முதல் 4 சதவீதம் வரை கால்சியம் இருக்கும். முட்டை போடும் பெட்டைக்கு அது தேவை. சேவல், ஆண் வாத்து, வளரும் குஞ்சு, முட்டையை நிறுத்திவிட்ட கூஸ் இவற்றுக்குத் தேவையே இல்லாத சுமை, நாளாக ஆகச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கூஸ் வருடத்தில் ஒரு பருவம் மட்டும்தான் முட்டை போடும் என்பதை மறந்துவிடாதீர்கள். பொதுவாக எல்லோருக்கும் வளர்பருவத் தீவனம் போட்டுவிட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவைப்படுவது தானே போய்க் கொத்திக்கொள்ளும். மாவாக அரைத்த தீவனம் வாத்தின் அலகில் பசை மாதிரி ஒட்டும், குருணையாக உருட்டியது நல்லது.

குஞ்சுப் பருவத்தில் இன்னொரு விஷயம், நியாசின். வைட்டமின் பி3 என்பார்களே, அதுதான். கோழிக்குஞ்சுக்குக் கிலோ தீவனத்துக்கு 27 முதல் 35 மில்லிகிராம் போதும் என்றால் வாத்துக் குஞ்சுக்கு 55 வேண்டும். குறைந்தால் கணுக்கால் மூட்டு வீங்கி, கால் வில்லாக வளைந்து, நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடும். கோழிக்குஞ்சுத் தீவனமே போடுவதாக இருந்தால் அதில் நியாசின் உள்ள புரூவர்ஸ் ஈஸ்ட் தூள் கலந்து கொடுங்கள். ரத்தக்கழிச்சலுக்கு மருந்து கலந்த தீவனம் என்றால் மூட்டையில் என்ன மருந்து என்று படித்துவிட்டுப் போடுங்கள், அந்த அளவு கோழிக்குஞ்சு தின்னும் அளவை வைத்துப் போட்ட கணக்கு, வாத்துக் குஞ்சும் கூஸ் குஞ்சும் அதைவிட அதிகம் தின்னும், சில மருந்துகள் அவற்றுக்கு ஆகவே ஆகாது. மருந்தில்லாத தீவனம் கிடைத்தால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள். முதல் மூன்று வாரத்துக்குப் பிறகும் அதிகப் புரதம் கொடுத்துக்கொண்டே இருந்தால் கூஸ் குஞ்சின் இறகு எலும்பைவிட வேகமாக வளர்ந்து, இறக்கை நுனி வெளிப்பக்கம் திரும்பி நின்றுவிடும். பதினைந்து பதினாறு சதவீதப் புரதத்துக்கு இறக்கிவிட்டு மேய விடுங்கள், புல்தான் அதன் சாப்பாடு.

குஞ்சுகளைச் சேர்த்து ஒரே விளக்கின் கீழ் வளர்க்கலாமா என்றால் வேண்டாம், அவ்வளவுதான். கோழிக்குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி வேண்டும், வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். வாத்துக்குஞ்சுக்குக் கொஞ்சம் குறைவாகவே போதும், அது தண்ணீரைக் கொட்டி எல்லாவற்றையும் நனைக்கும், நனைந்த கோழிக்குஞ்சு குளிரில் விறைத்துவிடும். கோழியை வைத்து வாத்து முட்டையை அடைகாக்கலாம். கோழி முட்டை 21 நாள், வாத்து 28, மணிலா வாத்து 35, கூஸ் ஏறக்குறைய 30. கூடுதல் நாள் உட்காரும் பொறுமை நல்ல அடைக்கோழிக்கு உண்டு, ஆனால் கூஸ் முட்டையைத் திருப்பும் பலம் இல்லை. நாலைந்துக்கு மேல் வைக்காமல், தினமும் நாமே கையால் திருப்பிவிட வேண்டும். பொரிந்த குஞ்சுகள் நேராகத் தண்ணீரில் இறங்கும்போது அந்தக் கோழி கரையில் நின்று போடுகிற கூப்பாட்டைக் கேட்க எனக்குப் பாவமாக இருக்கும்.

நோயைப் பற்றி மென்று முழுங்காமல் சொல்லிவிடுகிறேன். கலந்து வளர்ப்பதற்கு எதிராக யாராவது ஒரே ஒரு காரணம் சொல்ல வேண்டும் என்றால் பறவைக் காய்ச்சலைச் சொல்லட்டும், நான் எதிர்வாதம் செய்ய மாட்டேன். இந்த வைரஸ்களின் இயற்கையான இருப்பிடமே நீர்ப்பறவைகள்தான். இன்று உலகம் முழுக்கச் சுற்றும் எச்5என்1 வகையின் மூதாதை 1996இல் சீனாவின் குவாங்டாங்கில் ஒரு கூஸிடமிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது. அடுத்த வருடம் ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே உயிர்ப்பறவைச் சந்தைகளில் கோழியோடு வாத்தையும் கூஸையும் சேர்த்து வைப்பதை நிறுத்தினார்கள். வாத்து வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் வைரஸை எச்சத்தில் தள்ளிக்கொண்டிருக்கலாம், பக்கத்தில் இருக்கும் கோழி ஓரிரு நாளில் செத்து விழும். வெள்ளைக்கழிச்சலிலும் ஏறக்குறைய இதே கதை, வாத்து தாங்கும், கோழி தாங்காது. எதிர்த்திசையும் உண்டு: வாத்துக் கொள்ளைநோய் வாத்தையும் கூஸையும் அடிக்கும், கோழியை அண்டாது. அதனால் காட்டு வாத்துகள் வந்து இறங்கும் குளத்துக்கு உங்கள் பறவைகளை விடாதீர்கள், தீவனத்தைக் கூரைக்குக் கீழே வையுங்கள், புதிதாக வாங்கியதை ஒரு மாதமாவது தனியாக வைத்துப் பாருங்கள். சுற்றுவட்டாரத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் அன்றே கோழியைத் தனியாகவும் நீர்ப்பறவைகளைத் தனியாகவும் அடைத்துவிடுங்கள். கோழிகள் திடீரென்று கும்பலாகச் செத்தால் கையால் தொடாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவு தொல்லை இருக்கும்போது எதற்குக் கலந்து வளர்க்க வேண்டும் என்று கேட்டால், ஒரே நிலத்தில் மூன்றும் மூன்று வேலை செய்வதால்தான். கூஸ் புல்லை ஒட்ட மேயும், அந்த ஒட்ட மேய்ந்த தரையில் கோழி கிளறிப் புழு எடுக்கும், ஈர மூலைகளில் நத்தையை வாத்து காலி செய்யும். ஒன்றின் சாப்பாட்டில் இன்னொன்று அவ்வளவாகக் கை வைக்காது. அப்புறம் கூஸின் காவல். பருந்து நிழல் விழுந்தாலும், தெரியாத ஆள் வந்தாலும் முதல் சத்தம் அதிலிருந்துதான் வரும், அதைக் கேட்டதும் கோழிகள் புதருக்குள் ஓடும். ஆனால் அதன் காவல் கத்துவதோடு சரி. நாயோ நரியோ உள்ளே வந்துவிட்டால் கூஸும் இரைதான், வேலியும் ராத்திரிப் பூட்டும் இல்லாமல் கூஸை நம்பி இருப்பது வீண். அந்தச் சத்தம் அக்கம்பக்கத்தாருக்கும் கேட்கும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, கோழியும் பெண் வாத்தும் முதலில், கூஸ் பிறகு. தண்ணீர் ஏற்பாடு ஒரு மழைக்காலத்தைத் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கூஸைப் பற்றி யோசிக்கலாம். புதியவற்றை முதல் ஒன்றிரண்டு வாரம் வலைக்கு அந்தப் பக்கம் வைத்து முகம் பழகவிட்டு, ஒரு சாயங்காலம் எல்லாம் மேய்ந்து களைத்த நேரத்தில் திறந்துவிடுங்கள். கூஸை மட்டும் ஒற்றையாக வாங்காதீர்கள். இருபது வருடம் வாழக்கூடிய பறவை அது, தன் இனத்தில் துணை இல்லையென்றால் ஒரு வாத்தையோ தண்ணீர் வாளியையோ உங்களையோ ஜோடியாக எடுத்துக்கொள்ளும். உங்களை எடுத்துக்கொண்டால் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு விருந்தாளியின் காலையும் நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்.